ஆற்றங்கரையில் அண்ணி

கண்ணாடிக் கடை, மாடி
ஜூன் 3, திங்கள்

அன்புள்ள அண்ணிக்கு,

நான் சௌக்கியம். நீங்கள் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். மலைக்காற்று, ஆற்றுச் சத்தம், வேளாவேளைக்கு யாரோ சமைத்துப் போடுகிற சாப்பாடு, வேறென்ன வேண்டும் ஒரு மனுஷிக்கு.

போய்ச் சேர்ந்ததும் இரண்டு வரி எழுதுங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினேன். காணோம். அதனால் நான் முந்திக்கொண்டேன். அங்கே போன் எடுக்காது, மேலே பஸ் நிற்கும் இடத்துக்கு ஏறினால்தான் எடுக்கும், உங்கள் நெஞ்சு இருக்கும் நிலைமையில் மேடு ஏறவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆக, கடிதம்தான். பள்ளிக்கூடத்தை விட்டபிறகு நான் இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை, எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

ஒன்றை மறந்துவிட வேண்டாம். நீங்கள் ராவெல்லாம் இருமுவதைக் கேட்கமுடியாமல் அந்த விடுதியின் விலாசத்தைத் தபால்காரரிடம் கேட்டு வாங்கியது நான். ஒரு மாதத்துக்கு அறை சொல்லிவைத்தது நான். பெட்டியில் கம்பளிச் சட்டையை வைத்தது நான். பஸ் ஏற்றிவிட்டு நான் அழுதேன் என்று கண்டக்டர் உங்களிடம் சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். கண்ணில் தூசி.

கடை நடக்கிறது. நடக்கிறது என்றால், கதவு திறக்கிறது, ஆள் வருகிறார்கள், உங்கள் நாற்காலியைப் பார்க்கிறார்கள், "அண்ணி எங்கே?" என்று கேட்கிறார்கள். உள்ளே லென்ஸ் அரைக்கும் மெஷினோடு நான் ஒருத்தி இருப்பது பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது போலிருக்கிறது. பாங்க் கேஷியர் இன்றைக்கு வந்தார்.

"அண்ணி இல்லையா? அப்ப நான் அப்புறம் வர்றேன்."

"கண்ணாடி செய்யறது நான்தாங்க."

"செய்யறது நீங்கதான். ஆனா எது என் மூஞ்சிக்கு நல்லா இருக்குன்னு சொல்றது அவங்கதானே?"

போய்விட்டார். சாயங்காலம் ஒரு டீச்சரம்மா வந்தார். அவர் எடுத்த ஃப்ரேமைப் போட்டுப் பார்த்து எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஆந்தை மாதிரி இருக்கிறது என்று உள்ளதைச் சொன்னேன். அவரும் போய்விட்டார். உங்களிடம் மட்டும் எப்படி எல்லாரும் ஒட்டிக்கொள்கிறார்கள் என்று தெரியவில்லை.

மாடியில் சாப்பிடுவதற்கு உட்காரத் தோன்றவில்லை, நின்றபடியே சாப்பிட்டுவிடுகிறேன். அண்ணன் கண்ணை மூடியபிறகு மூன்று வருஷம் நாம் இரண்டு பேரும்தானே எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். பரவாயில்லை, ஒரு மாதம்தான்.

கண்டவர்களோடு சிரித்துப் பேசாதீர்கள். நீங்கள் ஒருவரைப் பார்த்துச் சிரித்தால் அவர் சாயங்காலமே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். எனக்குத் தெரியும்.

உங்கள்,
பட்டாசு

*

ஆற்றோர விடுதி
ஜூன் 8

என் பட்டாசுக்கு,

கண்டக்டர் ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னல் வழியாக நானே பார்த்தேன். தூசி நிறையத்தான் இருந்தது, பாவம்.

உன் அண்ணன் உனக்கு வைத்த பேர் சரியான பேர். கடிதத்தைப் பிரித்ததும் அறையில் சத்தம் கேட்டது. டீச்சரம்மாவிடம் ஆந்தை என்றாயா? அவர் திரும்பி வந்தால் அந்தத் தேன்கலர் ஃப்ரேமை எடுத்துக் கொடு, இரண்டாவது தட்டில் இருக்கிறது. கேஷியர் எங்கும் போகமாட்டார்.

என் அறை மரப்பலகை அறை. ஒரு கட்டில், ஒரு மேஜை, கதவுக்குப் பின்னால் துணி மாட்ட ஒரு ஆணி. ஜன்னலைத் திறந்தால் ஆறுதான். முதல் நாள் ராத்திரி மழை பெய்கிறது என்று எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனேன். வெளியே நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது, சத்தம் ஆற்றுடையது.

விடுதிக்காரர் பாலம் கட்டும் மேஸ்திரியாக இங்கே வந்தவராம். கீழே தெரிகிற பாலம் அவருடைய ஆட்கள் கட்டியது. வேலை முடிந்ததும் மற்றவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள், இவர் மட்டும் போகவில்லை. ஏன் என்று கேட்டேன். "பாலத்தைக் கட்டிட்டு அதுல ஒரு தடவையாவது நிதானமா நடக்க வேணாமா?" என்றார். மனைவி காலமாகிப் பல வருஷம் ஆகிறது. எல்லாரும் மேஸ்திரி என்றே கூப்பிடுகிறார்கள். சமைக்க ஒரு அம்மா இருக்கிறார், அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் நானும் உரக்கப் பேசப் பழகிக்கொண்டுவிட்டேன்.

டாக்டர் நடக்கச் சொன்னாரே, ஆற்றங்கரை வரை நடந்தேன். அவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். "சும்மா நிக்கறதுக்கு இதைப் பிடிங்க" என்று ஒரு மூங்கில் கோலைக் கையில் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான், தினமும் காலையில் இதே வேலை.

முதல் வீச்சில் முள் நீ வைத்த கம்பளிச் சட்டையில் மாட்டியது, ஒரு ஓட்டை. இரண்டாவது வீச்சில் அவர் தொப்பியில் மாட்டியது. தொப்பி ஆற்றில் போக, அவர் கல் கல்லாகத் தாவிப் போய் எடுத்துவந்து, தண்ணீர் சொட்டச் சொட்டத் தலையில் போட்டுக்கொண்டு, "முதல் மீனே பெருசுதான்" என்றார். நான் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, இருமலில் இன்னும் சிரிப்பு வந்து, கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இது விளையாட்டு இல்லை, தெரியுமா. நம் நிழல் தண்ணீரில் விழாமல் நிற்க வேண்டும். பெரிய கல்லுக்குப் பின்னால் ஓட்டம் அடங்கிய இடத்தில்தான் மீன் ஓய்வெடுக்கும், அங்கே போட வேண்டும். தூண்டில் நரம்பில் மிதக்கிற தக்கை முதலில் லேசாக நடுங்கும். அப்போது இழுத்தால் போச்சு. அது முழுகி ஒரு பக்கமாக நகரும் வரை கையை அடக்கிக்கொண்டு இருக்க வேண்டும். எனக்கு நடுக்கத்தைப் பார்த்ததுமே கை இழுத்துவிடுகிறது. "கடைக்கு வந்த ஆளை விட்டுடக் கூடாதுங்கற அவசரம் உங்களுக்கு" என்கிறார். இன்னும் ஒரு மீன்கூடக் கிடைக்கவில்லை.

ஒரு உபகாரம் செய். இருந்த தூண்டில் முள்ளையெல்லாம் நான் புதரிலும் கல்லிடுக்கிலும் தொலைத்துவிட்டேன், இங்கே வாங்கக் கடை கிடையாது. கடைத்தெரு முக்கில் கயிறு விற்கிற கடையில் கிடைக்கும், சின்ன அளவாகக் கொஞ்சம் வாங்கி அனுப்பு.

உட்கார்ந்து சாப்பிடு.

அன்புடன்,
அண்ணி

*

கண்ணாடிக் கடை, மாடி
ஜூன் 14

மகாகனம் பொருந்திய மீன்காரி அண்ணி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அதில் 'அவர்' எங்கெல்லாம் வருகிறார் என்று சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டுப் பார்த்தேன். எத்தனை என்று சொல்லமாட்டேன், பேனா தீர்ந்துவிட்டது. நான் வாங்கிவைத்த கம்பளிச் சட்டை ஒரு தடவை வருகிறது, அதுவும் ஓட்டை விழுந்தது என்று சொல்வதற்காக.

எனக்கு ஒன்றும் வயிறு எரியவில்லை. சும்மா கேட்கிறேன். ஒரு மாதம் ஓய்வெடுக்கப் போன இடத்தில் கோலைத் தூக்கிக்கொண்டு ஆற்றில் நிற்கச் சொல்லி எந்த டாக்டர் சொன்னார்? தண்ணீரில் நின்று மறுபடி நெஞ்சில் சளி கட்டிக்கொண்டால் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வது தொப்பிக்காரரா, நானா? அவர் பேசுவதைப் பார்த்தால் பல வருஷம் பழகியவர் மாதிரி இருக்கிறது. உங்கள் அவசரத்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? நான் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வீர்கள், அவர் சொன்னால் அதைக் கடிதத்தில் எழுதி அனுப்புகிறீர்கள்.

அண்ணனுக்கு மீன் வாடையே ஆகாது, மறந்துபோச்சா? அவர் இருந்திருந்தால் நீங்கள் வீட்டுக்குள் வருவதற்குள் வாசலையே கழுவிவிட்டிருப்பார். பிடிக்கப்போகிற மீனையெல்லாம் யார் வறுப்பார்கள்? அவரா? வறுத்ததை எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவீர்களோ?

சரி, கேட்டது வாங்கியாச்சு. கயிற்றுக் கடைக்காரர் எனக்குப் பாடமே எடுத்தார். "இந்த முள்ளோட உள்பக்கம் குட்டியா ஒரு மூக்கு பின்னால திரும்பி நிக்குது பாருங்க, மாட்டின மீனு நழுவிப் போகாம பிடிச்சு வெக்கறதே அதுதான். அது இல்லேன்னா வந்த மீனு வந்த வழியே போயிடும்" என்றார். நான் பொறுமையாகக் கேட்டுக்கொண்டேன். கொண்டுவந்து பட்டறை மேஜையில் வைத்து, பெரிய விளக்கைப் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்து நன்றாகச் சுத்தம் செய்து, பஞ்சில் சுற்றி, ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து அனுப்பியிருக்கிறேன். ஒரு சாயங்காலம் முழுக்க அதிலேயே போனது. நிறைய மீன் பிடியுங்கள்.

டீச்சரம்மா தேன்கலர் ஃப்ரேமை வாங்கிக்கொண்டார். "இது அண்ணி சொன்னதா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினார்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்

*

ஆற்றோர விடுதி
ஜூன் 20

என் கண்ணே,

பிடித்துவிட்டேன். முதல் மீன். என் உள்ளங்கை நீளம்கூட இல்லை, ஆனால் அது இழுத்த இழுப்பு தோள் வரை வந்தது. தக்கை நடுங்கியது, நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். முழுகியது, நகர்ந்தது, தூக்கினேன். மேஸ்திரி கத்தினார், "நரம்பைத் தொய்ய விடாதீங்க." விடவில்லை. கரைக்குக் கொண்டுவந்து பார்த்தால் வயிற்றுப் பக்கம் மஞ்சளாக, முதுகில் புள்ளி புள்ளியாக அவ்வளவு அழகு. இந்த வயதில் முதல் தடவையாக ஒன்றைச் செய்வது எப்படி இருக்கும் என்று எனக்கு மறந்தே போயிருந்தது.

எல்லாம் உன் முள்ளால்தான். பார்சலைப் பிரித்ததும் மேஸ்திரி ஒன்றை எடுத்து விரல் நுனியால் தடவினார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு அரம் போட்டது யாரு?"

"என் நாத்தனார். லென்ஸ் அரைக்கிறவ. ஏன், என்ன ஆச்சு?"

"உள்பக்கம் இருக்கற மூக்கை மட்டும் இழைச்சு எடுத்திருக்காங்க. முள்ளு துளிகூட மெலியலை, முனை அப்படியே இருக்கு. நான் இடுக்கி வெச்சு நசுக்குவேன், பாதி ஒடிஞ்சுதான் போகும். இவங்க கை தங்கக் கைங்க."

விஷயம் இதுதான். இந்த ஆற்றில் பிடித்த மீனை உடனே திரும்ப விட்டுவிட வேண்டும், அதுதான் இங்கே விதி. மூக்கு இருந்தால் கழற்றும்போது மீனுக்கு வாய் கிழிந்துவிடும். அதனால் மூக்கில்லாத முள்ளைத்தான் போட வேண்டும். நீ அனுப்பியதைப் பார்த்து அவருக்கு அப்படியொரு சந்தோஷம், சமையல்கார அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த அம்மாவுக்கு அது என்னவென்றே புரியவில்லை, இருந்தாலும் "நல்லா இருக்கு" என்றார்.

ஆக, இங்கே யாரும் மீன் வறுப்பதில்லை. எதிரெதிரே உட்காருவதும் இல்லை. ஒரு நீளமான மேஜை, எல்லாரும் ஒரே பக்கமாக உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவோம்.

இருமல் ராத்திரியில் மட்டும்தான், அதுவும் கொஞ்சம். உன் கைக்கு ஒரு முத்தம்.

அண்ணி

*

கண்ணாடிக் கடை, மாடி
ஜூன் 25

அண்ணிக்கு,

முதல் மீனுக்கு வாழ்த்து.

முள் விஷயம். ஆமாம், எல்லாம் தெரிந்துதான் செய்தேன். வாயில்லா ஜீவனின் வாயைக் கிழிப்பானேன் என்று எனக்கே தோன்றியது. இதைப் போய் ஒரு பெரிய விஷயமாக எழுதியிருக்கிறீர்கள். என் கையைத் தங்கம் என்று அந்த மேஸ்திரி சொல்லி எனக்கு ஒன்றும் ஆகவேண்டியதில்லை. நம் வீட்டுக்கு நீங்கள் வந்த நாளாக என் கையைப் பார்க்கிறீர்கள், ஒரு நாளாவது சொன்னதுண்டா? யாரோ ஒருவர் விரலால் தடவிப் பார்த்துச் சொன்னதும்தான் உங்களுக்கு முத்தம் கொடுக்கத் தோன்றுகிறது.

ஒரே பக்கமாக உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறீர்களாமே. நானும் நம் மேஜையை ஜன்னல் பக்கம் தள்ளிப் போட்டேன். எதிர்வீட்டுத் தண்ணீர்க் குழாய் தெரிகிறது. அது ராப்பகலாக ஒழுகிக்கொண்டிருக்கிறது, ஆறு என்றே வைத்துக்கொள்ளலாம். நீங்கள் வந்ததும் நாமும் ஒரே பக்கமாக உட்காரலாம், எனக்கு ஒன்றும் ஆட்சேபணை இல்லை.

எப்போது வருகிறீர்கள்? மாதம் முடியப்போகிறது. அறையை இன்னும் ஒரு வாரம் நீட்டித்தால் என்ன என்று யாராவது கேட்டால், முடியாது, வீட்டில் ஆள் இருக்கிறது என்று சொல்லுங்கள். உண்மையாகவே ஆள் இருக்கிறது. எனக்கும் இரண்டு நாளாக இருமல். டாக்டரிடம் போகவில்லை. போனால் என்னையும் மலைக்கு அனுப்பிவிட்டால் கடையை யார் பார்ப்பது?

நேற்று ஒரு வாடிக்கையாளர் உங்கள் நாற்காலியில் உட்காரப்போனார். வேறு நாற்காலி கொண்டுவந்து போட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும்.

எந்த பஸ் என்று எழுதுங்கள். நான் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவேன்.

உங்கள் நாத்தனார்

*

ஆற்றோர விடுதி
ஜூலை 1

என் அருமைப் பெண்ணே,

உன் இருமல் எனக்கு இங்கேயே கேட்டது. அது தொண்டையில் வருகிற இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வெந்நீர் குடி.

மீனைத் திரும்ப விட்டுவிடுவார்கள் என்று நான் உனக்கு எழுதியதே போன கடிதத்தில்தான். நீ அரம் போட்டது அதற்கு முன்னால். பிடிக்கப்போகிற மீனை யார் வறுப்பார்கள் என்று கேட்டு எழுதினாயே, அதே கடிதத்தோடுதான் முள்ளும் வந்தது. எனக்கு ஒரு மீன்கூட மாட்டக் கூடாது, மாட்டினாலும் நழுவிப் போய்விட வேண்டும், அலுத்துப்போய்க் கோலைப் போட்டுவிட்டு நான் பஸ் ஏறிவிட வேண்டும் என்று ஒரு சாயங்காலம் முழுக்கப் பெரிய விளக்கைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாய். அதையும் அரைகுறையாகச் செய்யத் தெரிகிறதா உனக்கு. கெடுப்பதைக்கூட இவ்வளவு நேர்த்தியாகச் செய்கிறவள் உலகத்தில் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய்.

மேஸ்திரியிடம் நான் சொல்லவில்லை. தங்கக் கை தங்கக் கையாகவே இருக்கட்டும். எனக்குக் கோபமும் இல்லை. முதலில் வயிறு குலுங்கச் சிரித்தேன். சிரித்து முடித்தபிறகு அழுகை வந்துவிட்டது.

எனக்கு சைக்கிள் கற்றுத்தர வந்துகொண்டிருந்தாளே பக்கத்து வீட்டுப் பெண், அவள் ஏன் நின்றாள்? சாயங்காலம் நடக்கப் போகலாம் என்று கூப்பிட வந்த தையல்காரி ஏன் வாசலோடு திரும்பினாள்? என் சித்தி மகள் ஒரு வாரம் தங்க வந்தவள் மறுநாளே பெட்டியைத் தூக்கினாளே. ஒவ்வொரு தடவையும் உன்னிடம் ஒரு காரணம் இருந்தது. காரணம் தீர்ந்துபோனால் அண்ணன் பேரை இழுப்பாய். உன் அண்ணனுக்கு மீன் வாடை ஆகாது, நான் மறக்கவில்லை. எனக்கு ஆகும். கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து நான் மீன் தொட்டதில்லை. எனக்கு ஆகுமா ஆகாதா என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சமையல்கார அம்மா தன் மகள் வீட்டோடு போகிறார். மேஸ்திரி என்னைக் கேட்டார். "நீங்க இருந்து இந்த விடுதியை என்னோட சேர்ந்து பார்த்துக்க முடியுமா? வர்றவங்க உங்ககிட்ட நல்லா பேசறாங்க" என்றார். நீ நினைப்பது எங்களுக்குள் இல்லை. நாளைக்கு வருமா என்று எனக்கே தெரியாது, வந்தால் உன்னிடம்தான் முதலில் சொல்வேன். எனக்கு இருக்க ஆசையாக இருக்கிறது. அவருக்காக என்றுகூட இல்லை. காலையில் எழுந்ததும் இன்றைக்கு என்ன செய்யலாம் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன், அது எனக்குப் பிடித்திருக்கிறது. இருமல் சுத்தமாக நின்றுவிட்டது.

ஆனால் நீ வா என்று ஒரு வார்த்தை எழுதினால் வந்துவிடுவேன். மிரட்டலுக்காகச் சொல்லவில்லை. நீ அந்த மாடியில் நின்றுகொண்டே சாப்பிடுவதை நினைத்தால் எனக்கு இங்கே சாப்பாடு இறங்கமாட்டேன் என்கிறது. அப்படி ஒரு மனசோடு இங்கே இருந்து என்ன பிரயோஜனம். கடையை விட்டுவிட்டு நீ வா என்று சொல்ல எனக்கு வாய் வராது, அந்தக் கடை உன் உயிர்.

உன் பதில் வரும்வரை மேஸ்திரிக்கு நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

அண்ணி

*

ஜூலை 5

அண்ணிக்கு,

ஒரு வார்த்தை கேட்டீர்கள். எழுதுகிறேன்.

வாருங்கள்.

எந்த பஸ் என்று மட்டும் எழுதுங்கள்.

நாத்தனார்

*

ஆற்றோர விடுதி
ஜூலை 9

என் பட்டாசுக்கு,

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். மத்தியானத்துக்குள் வந்துவிடும். மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். "சரிங்க" என்றார், அப்புறம் கொஞ்ச நேரம் பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அப்புறம் வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்.

இன்னும் மூன்று நாள் இருக்கிறது. காலையும் சாயங்காலமும் ஆற்றில் நிற்கலாம் என்று இருக்கிறேன். பெட்டி கட்டுவது ஒரு பெரிய வேலையா.

பால் வாங்கி வை. தேன்கலர் ஃப்ரேம் தீர்ந்திருந்தால் சொல்லிவிடு, வந்ததும் வரவழைக்கலாம்.

அண்ணி

*

மலைமேல் பஸ் நிற்கும் இடம், டீக்கடை
ஜூலை 12, வெள்ளி

என் அண்ணிக்கு,

தாளைப் பார்த்து மிரளாதீர்கள். கண் பரிசோதனைச் சீட்டின் பின்பக்கம்தான் கைப்பையில் இருந்தது. இதை டீக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன், சாயங்காலம் பால் கொண்டுவரும்போது உங்களிடம் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

கடையைப் பூட்டிவிட்டு இன்றைக்குக் காலை பஸ்ஸில் வந்தேன். உங்கள் பெட்டியைத் தூக்க ஒத்தாசையாக வந்தேன் என்று கண்டக்டரிடம் சொன்னேன். பொய். கடைசி நிமிஷத்தில் நீங்கள் மனசு மாறிவிடுவீர்களோ என்று பயந்து வந்தேன். வழி முழுக்க அந்த மேஸ்திரியை என்னென்ன கேட்க வேண்டும் என்று வாக்கியம் வாக்கியமாகச் சேர்த்து வைத்துக்கொண்டு வந்தேன். நல்ல நல்ல வாக்கியம், அண்ணி. ஒன்றைக் கேட்டிருந்தாலும் அந்த மனுஷன் ஊரைவிட்டே போயிருப்பார்.

கீழே இறங்கிப் பாலத்தில் நின்றேன். நீங்கள் ஆற்றில் நின்றுகொண்டிருந்தீர்கள். முழங்கால் வரை தண்ணீர், துணியைத் தூக்கிச் செருகியிருந்தீர்கள், கம்பளிச் சட்டையில் அந்த ஓட்டை அங்கிருந்தே தெரிந்தது. அவரைத் தேடினேன். கரையில் இல்லை, கல்லின் மேல் இல்லை, விடுதி வாசலிலும் இல்லை. சுற்றிப்பார்த்தால் ஒரு ஈ காக்கை இல்லை. நீங்கள் மட்டும்தான்.

மீன் ஒன்றும் மாட்டவில்லை. நரம்பு கல்லிடுக்கில் சிக்கிக்கொண்டது. இந்தப் பக்கம் இழுத்தீர்கள், அந்தப் பக்கம் போய் இழுத்தீர்கள். அப்புறம் ஆற்றைப் பார்த்து, "ஏன்டி, விடவே மாட்டியா?" என்று கத்தினீர்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, என்னைத்தான் பார்த்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. கத்திவிட்டு நீங்களே சிரித்தீர்கள். நடு ஆற்றில் தனியாக நின்று, தோள் குலுங்க, ரொம்ப நேரம். இருமல் வரவே இல்லை.

அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. அண்ணன் இருந்தபோதும் கேட்டதில்லை, வாடிக்கையாளர்களிடம் சிரிப்பீர்களே, அதுவும் அது இல்லை. அது யாருக்கும் காட்டுவதற்கான சிரிப்பு இல்லை. பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். பொறாமை பொத்துக்கொண்டு வந்தது, அண்ணி. மேஸ்திரி மேல் இல்லை, அந்த மனுஷன் பாவம், எங்கே என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தாரோ. உங்கள் மேல். பக்கத்தில் ஒருத்தரும் இல்லாமல் ஒருத்தியால் இப்படி இருக்க முடிகிறதே, எனக்கு ஒரு நாள்கூட முடிந்ததில்லையே என்று வயிறு பற்றி எரிந்தது. யாரோ உங்களைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்றுதான் இத்தனை வருஷம் ஒவ்வொருத்தராகத் துரத்திக்கொண்டிருந்தேன். ஆளே இல்லாத இடத்தில் யாரைத் துரத்துவது?

கூப்பிட வாயைத் திறந்தேன். கூப்பிட்டிருந்தால் கோலை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருப்பீர்கள். "எப்படி வந்தே, சாப்பிட்டியா?" என்று கேட்டிருப்பீர்கள். நான் அழுதிருப்பேன். இன்றைக்கே இரண்டு பேரும் பஸ் ஏறியிருப்போம். எல்லாம் எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு மேடு ஏறி வந்துவிட்டேன்.

நாளைக்கு பஸ் ஏறாதீர்கள். போன வெள்ளிக்கிழமை எழுதின அந்த ஒரு வார்த்தையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மேஸ்திரியிடம் சரி என்று சொல்லுங்கள், அவரும் பாலத்தையே எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பார். கடையில் முன்பக்கம் உட்கார ஒரு ஆள் தேடுகிறேன். அதுவரை "அண்ணி எங்கே?" என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன். ஆற்றில் இருக்கிறார் என்று சொன்னால் எல்லாரும் பதறிப்போய்விடுவார்கள், வேறு மாதிரி சொல்லிக்கொள்கிறேன்.

என்னைப் பெரிய மனசுக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். இது எவ்வளவு நாள் தாங்கும் என்று எனக்கே தெரியாது. வீட்டுக்குப் போய் மாடி ஏறியதும் அழுவேன். அடுத்த வாரமே காய்ச்சல், கண் தெரியவில்லை, கடை முங்கிப் போச்சு, உடனே வாருங்கள் என்று எழுதினாலும் எழுதுவேன். எழுதினால் வராதீர்கள். எவ்வளவு கெஞ்சி எழுதினாலும் வராதீர்கள்.

இங்கே உட்கார்ந்தால் உங்கள் விடுதியின் கூரை தெரிகிறது. இறங்கி வந்து முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. முகத்தைப் பார்த்தால் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். அதனால் இந்த டீக்கடையிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள்,
பட்டாசு